நாலு பிராசஸருக்கும் சந்தனப் பொட்டு

ஜெர்மனியில் என் மேசையில் கிடக்கும் பேனாவை எடுக்கக்கூட அனுமதி கேட்பார்கள். கீபோர்டைத் தொடுவதென்றால் இரண்டு முறை கேட்பார்கள். வந்த புதிதில் சிரிப்பாக இருந்தது. இப்போது வயிற்றெரிச்சலாக இருக்கிறது. இந்த மரியாதையில் கொஞ்சம் திருத்தணியில் இருந்திருந்தால் என் மெஷின் பிழைத்திருக்கும்.

நான் கெர்னல் எழுதுகிறவன். கம்ப்யூட்டரை எழுப்பி வேலை வாங்கும் அடிப்படை மென்பொருள் அது. வழக்கமாக ஒரு பிராசஸர் முதலில் எழுந்து மற்றவற்றை எழுப்பும். திருத்தணியில் வீட்டிலிருந்தபடி நான் வேலை பார்த்த கம்பெனி செய்த கம்ப்யூட்டர் போர்டில் நாலு பிராசஸரும் நாலு தினுசு. எது முதலில் எழும் என்று செய்தவர்களுக்கே தெரியாது. அவற்றை வழிக்குக் கொண்டுவரும் நிரலை எழுதினேன். பல நாட்டார் சேர்ந்து எழுதும் கெர்னலில் அது ஏறியது. அதைப் பார்த்துத்தான் என்னை இங்கே கூப்பிட்டார்கள். பிறகு கம்பெனியே மூடிவிட்டது. மிஞ்சிய ஒரே போர்டு, பெட்டிகூட இல்லாத வெறும் பலகை, அக்காவும் அவள் புருஷன் பாவாவும் தறி ஓட்டும் வீட்டின் பின்னறையில் இன்வெர்ட்டரோடு ஓடிக்கொண்டிருந்தது. கெர்னல் மாறும்போதெல்லாம் இங்கிருந்தே அதில் ஏற்றிப் பார்ப்பேன். அது எழுந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. யாரிடமும் இல்லாத மெஷினுக்கான நிரலைச் சுமக்க மாட்டார்கள். இன்னும் யாரிடமாவது ஓடுகிறதா என்று பொதுவில் கேட்பார்கள். ஒருவர் ஓட்டிக் காட்டினால் போதும், நிரல் தப்பும். என் நிரலைப் பற்றிய அந்தக் கேள்வி ஆயுதபூசைக்கு மறுநாள் வந்தது. இதோ காட்டுகிறேன் என்று திருத்தணி போர்டைத் தொடர்புகொண்டேன். பதில் இல்லை. கரண்ட் போயிருக்கும் என்று அக்காவுக்குப் போன் போட்டேன்.

"கரண்ட்டெல்லாம் இருக்குதுடா. நேத்து உங்க பாவா தறிக்கெல்லாம் பொட்டு வெச்சிகினு இருந்தாரு. உன் மிஷினை மட்டும் உட்டுட முடியுமா? ஈரத்துணியால நல்லா தொடச்சி, நாலுத்துக்கும் சந்தனம் வெச்சி, கற்பூரம் காட்னேன். அதுதானே உனுக்குச் சோறு போடுது."

சுவிட்சை அணைத்தாயா என்று கேட்டேன்.

"நீதானே அணைக்கவே கூடாதுன்னு சொன்னே."

யார்மேல் கோபப்படுவது? தறியை நிறுத்திவிட்டுத் துடைக்கத் தெரிந்தவள்தான் அவள். என் மெஷினை மட்டும் என் பேச்சைக் கேட்டு ஓடவிட்டே துடைத்திருக்கிறாள்.

அவள் அனுப்பிய படத்தைப் பக்கத்து மேசை மார்க்குஸ் பார்த்தான். சூடு தணியப் பிராசஸர்மேல் தடவும் பசை என்று நினைத்துக்கொண்டு, இவ்வளவு தடிப்பாகப் பூசக் கூடாது என்று அக்கறையோடு சொன்னான். ஆமாம் என்றேன். ஆயுதபூசையை அவனுக்கு எங்கிருந்து விளக்க ஆரம்பிப்பது? அந்தப் பொதுக் கேள்விக்கு, என்னிடமிருந்த கடைசி போர்டு பழுதாகிவிட்டது என்று மட்டும் பதில் எழுதினேன். நீக்குமுன் நிரலை எழுதியவனின் சம்மதம் கேட்பதும் எங்கள் வழக்கம். நீக்கலாம் என்று நானே சம்மதம் கொடுத்தேன். அருமையான பணி என்று நாலைந்து பேர் எனக்கு நன்றி சொல்லிவிட்டு அதை வெட்டி எறிந்தார்கள். பற்றிக்கொண்டு வந்தது.

போர்டைத் தூக்கிப் போடச் சொன்னேன். அக்காவுக்கு மனம் வரவில்லை. சாமி அலமாரியில் வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமைதோறும் நாலுக்கும் பொட்டு வைத்து, வீடியோவில் என்னையும் கும்பிடச் சொல்கிறாள். போனை மேசைக்குக் கீழே பிடித்துக்கொண்டு, மார்க்குஸ் பார்க்காதபடி கும்பிடுகிறேன். மேசைமேல், என் நிரல் இல்லாத கெர்னல் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கிறது.