ரயில் ஓடாத நாட்களில் ஓர் இங்கிலீஷ் பாட்டு

இசைத்தட்டின் மேல் ஊசி இறங்கியதும் பாட்டு வந்துவிடாது. சூடான எண்ணெயில் நெத்திலி விழுந்தாற்போல முதலில் கொஞ்ச நேரம் ஒரு சடசடப்பு கேட்கும். பொன்மலை ரயில்வே குடியிருப்பில், இரண்டு அறையும் ஒரு சமையல்கட்டுமாக இருந்த எங்கள் 'லைன் வீட்டில்' அந்தச் சடசடப்பு எழுந்ததுமே அம்மா அடுப்படியிலிருந்து "ஆரம்பிச்சுட்டாளுங்க" என்பாள். அப்பா வீட்டில் இருந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார். என் அக்கா பிலோமினாவும் அவளுடைய கல்லூரித் தோழி வைதேகியும் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெட்டியின் முன் உட்கார்ந்திருப்பார்கள், கோயிலில் திரை விலகக் காத்திருப்பவர்களைப் போல.

அந்தத் தட்டில் பாடிய குழுவுக்கு உலகமே அறிந்த ஒரு பெயர் உண்டு. ஆனால் எங்கள் வீட்டில் அந்தப் பெயர் புழங்கியதில்லை. தட்டின் உறையின் மேல் தோள்வரை முடி வளர்த்து முறைத்துக்கொண்டு நின்ற ஐந்து வெள்ளைக்காரர்களைப் பார்த்த அன்றே அப்பா 'முடிக்காரனுங்க' என்று பெயர் வைத்துவிட்டார். முதலில் கோபித்துக்கொண்ட அக்காவும் நாளடைவில் அப்படியே சொல்லத் தொடங்கினாள். எனக்கு இன்றைக்கும் வாயில் வருவது அதுதான்.

ரெக்கார்ட் பிளேயரும் தட்டுகளும் எங்களுடையவை அல்ல. வைதேகியின் அத்தான் வெளிநாடு போகும்போது ஸ்ரீரங்கத்தில் அவர்கள் வீட்டில் விட்டுச் சென்றவை. காலையும் மாலையும் பாசுரம் ஒலிக்கிற அந்த வீட்டில் இந்தச் சத்தத்துக்கு இடமில்லை என்று அவளுடைய அப்பா சொல்லிவிட்டதால், அவள் அதைத் துணியில் சுற்றி ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து, ஜங்ஷனில் பஸ் மாறி எங்கள் வீட்டில் சேர்த்தாள். "இங்கிலீஷ் பாட்டு, ஆன்ட்டி" என்று அவள் சொன்னதை, மாதா கோயில் பாட்டு என்று நினைத்துத்தான் அம்மா அனுமதித்தாள். உண்மை தெரிந்தபோது அந்தப் பெட்டி எங்கள் வீட்டு மேசையில் வேரூன்றிவிட்டிருந்தது.

அப்பா பணிமனையில் ஃபிட்டர், சங்கத்தில் தீவிரமானவர். முடிக்காரர்கள் மேல் அவருக்கு இருந்த கோபம் சத்தத்தால் வந்ததல்ல. பாடுகிறவன் சல்லிக்காசு இல்லாமல் தெருவில் நிற்பதாக ஒரு பாட்டு. அதன் பொருளை அக்கா அவருக்குச் சொல்லியிருந்தாள். பிறகு ஒருநாள் வைதேகி கொண்டுவந்த பத்திரிகைத் துண்டில், அதைப் பாடியவன் ஒரு பழைய கோட்டையையே விலைக்கு வாங்கியிருப்பதாகப் போட்டிருந்தது. அப்பா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "கோட்டையில உக்காந்துக்கிட்டு பசியைப் பத்திப் பாடுறான், நீங்க கண்ணுல தண்ணி விடுறீங்க. அவனுக்கும் உங்களுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றார்.

"பாட்டு எழுதினப்ப அவன் ஏழைதாம்ப்பா."

"இப்ப?"

அன்று முழுவதும் அக்கா தட்டைத் தொடவில்லை. மறுநாள் மறுபடி நெத்திலிச் சத்தம் கேட்டது.

எனக்குப் பத்து வயதாக இருந்த கோடையில் நாடு முழுவதும் ரயில்வே வேலைநிறுத்தம் வந்தது. பிறந்ததிலிருந்து ரயில் சத்தத்தில் தூங்கி எழுந்த எங்களுக்கு, ரயில் ஓடாத பொன்மலை பயத்தைத் தந்தது. பணிமனைச் சங்குச் சத்தம் இல்லை, எஞ்சின் கூவல் இல்லை; தண்டவாளத்துக்கு அப்பால் ஆடு கத்துவது சமையல்கட்டு வரைக்கும் கேட்டது. முதல் நாளே சங்கத்துக்காரர்கள் பலரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அப்பா முந்தின மாலையே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எங்கே என்று அம்மாவுக்கும் அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும். வைதேகியின் சித்தப்பா ரயில்வேயில் குமாஸ்தா. அவருக்குக் கொள்ளிடக் கரையில் ஒரு வாழைத் தோட்டம் இருந்தது. அங்கே பம்புசெட் கொட்டகையில் அப்பாவைத் தங்கவைத்திருந்தார்கள். கல்லூரிக்கு விடுமுறையாக இருந்ததால், பாட்டுக் கேட்க வருகிறவளாக வைதேகி வந்து போனதை யாரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை. அவள் வழியாகத்தான் சேதி வந்தது, போனது.

அந்த நேரம் பார்த்துத் தம்பி ராயப்பனுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்று வயதுக் குழந்தை, கண்ணைத் திறக்காமல் "அப்பா, அப்பா" என்று அனத்திக்கொண்டே கிடந்தான். சேதி கேட்டதும் அப்பா, வந்து பார்த்தே தீருவேன் என்று சொல்லியனுப்பினார். அம்மா வேண்டாம் என்றாள். அப்பா கேட்கவில்லை. கடைசியில் அக்காதான் ஒரு வழி சொன்னாள். எங்கள் வீடு கடைசி லைனில், கொல்லைப்புறம் தண்டவாளத்தைப் பார்த்து இருந்தது, நடுவே கருவேலங்காடு. விளக்கு வைக்கும் நேரத்தில் அப்பா தண்டவாளத்து ஓரமாக நடந்து வரட்டும். வீட்டுப் பக்கம் போலீஸ் தென்பட்டால் முடிக்காரர்களின் பாட்டை உரக்க வைப்போம். பாட்டுக் கேட்டால் அங்கேயே படுத்துக்கொள்ள வேண்டும். சத்தமில்லை என்றால் வரலாம்.

வைதேகி அன்று மத்தியானமே வந்துவிட்டாள். "கிளம்பிட்டார்னு சித்தப்பா சொன்னார். ஆறரை, ஏழுக்குள்ள வந்துடுவாராம்" என்று அம்மாவின் காதருகே சொன்னாள். அம்மா தம்பியின் நெற்றியில் ஈரத் துணியைப் போட்டபடி ஜெபமாலை உருட்டினாள். அக்கா தட்டைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, கொல்லை ஜன்னலைத் திறந்தாள். வெயில் இறங்கியது.

தெருமுனையில் ஜீப் சத்தம் கேட்டது. அக்கா எழுந்து போய் ஊசியை இறக்கினாள். சடசடப்பு, பிறகு கிட்டார், பிறகு இடிபோல டிரம். ஒரு சப்-இன்ஸ்பெக்டரும் இரண்டு கான்ஸ்டபிள்களும் உள்ளே வந்தார்கள்.

"அந்தோணி எங்கம்மா?"

"தெரியாது சார். போனவர் போனவர்தான்" என்றாள் அம்மா.

சப்-இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். இளவயதுக்காரர், வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவசரமில்லாமல் அறையைச் சுற்றிப் பார்த்தார். அவர் அடுத்த கேள்வியைக் கேட்க வாயெடுத்தபோது பாட்டு இழுத்தது. பாடகனின் குரல் கிழவன் குரலாகி, முனகலாகி, நின்றுபோனது. மேலே மின்விசிறியும் நின்றது. கரண்ட் போய்விட்டது.

கொல்லைக்கு அப்பால் எங்கோ அப்பா நின்றுகொண்டிருக்கலாம். பாட்டு நின்றுவிட்டதென்றால் போலீஸ் போய்விட்டது, வரலாம் என்று அர்த்தம். அம்மாவின் விரல்கள் ஜெபமாலையில் அசையாமல் நின்றன.

அக்கா பாடினாள்.

பாட்டு எந்தச் சொல்லில் அறுந்ததோ அந்தச் சொல்லிலிருந்து, தொண்டை கிழிகிற சத்தத்தில் பாடினாள். இரண்டு கையாலும் மேசைப் பலகையில் டிரம் அடித்தாள். அக்காவுக்குப் பாட வராது; கோயில் பாடகர் குழுவில் அவளைச் சேர்க்கவே இல்லை. ஆனால் அந்தத் தட்டின் ஒவ்வொரு அடியும், பாடகன் மூச்சு வாங்குகிற இடம்கூட, அவளுக்கு மனப்பாடம். இரண்டாவது அடியில் வைதேகி சேர்ந்துகொண்டாள். சிறுவயதிலிருந்து பாட்டு கற்றவள், கணீரென்ற குரல். கிட்டார் வரும் இடங்களை வாயாலேயே வாசித்தாள். 'கோரஸ்' வந்தபோது, அர்த்தம் தெரியாமலே கேட்டுக் கேட்டுப் பழகியிருந்த அந்த நான்கு வரிகளை நானும் கத்தினேன்.

"என்னம்மா இது? நிறுத்து" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

அக்கா நிறுத்தவில்லை. அவர் முகம் மாறுவதை நான் பார்த்தேன். அப்போது அம்மா, அதுவரை குனிந்தே இருந்தவள், தலையில் அடித்துக்கொண்டாள். "விடுங்க சார். பாட்டுப் பைத்தியம் சார் அதுங்க. பெட்டி நின்னாலும் வாய் நிக்காது. வீட்டுல ஒரு புள்ளை காய்ச்சல்ல கெடக்கு, இதுங்களுக்குப் பாட்டு. இந்தக் கருமத்துக்கு ஒரு வழி பண்ணிட்டுப் போங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவள் வேறு எந்த நாளிலும் சொல்லியிருக்கக்கூடிய பேச்சுத்தான் அது. அதனால்தான் அது உண்மையைப் போலவே இருந்தது. ஒரு கான்ஸ்டபிள் சிரித்தார். சப்-இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. திறந்திருந்த கொல்லை ஜன்னலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பின்னாடி ஒரு ரவுண்டு பாத்துட்டு வாய்யா" என்று மற்றவரை அனுப்பினார்.

டார்ச் வெளிச்சம் கருவேலங்காட்டுக்குள் போனது. ஜல்லியின் மேல் பூட்ஸ் நொறுங்கும் சத்தம் பாட்டுக்கு இடையிடையே கேட்டது. முதல் பாட்டு முடிந்தது. அக்கா மூச்சு விடாமல் இரண்டாவதைத் தொடங்கினாள், பிறகு மூன்றாவதை. அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வெளியே பூட்ஸ் சத்தம் ஓரிடத்தில் நின்றது. வைதேகி என் கையைப் பிடித்தாள். அவள் குரல் மட்டும் பிசகவில்லை. பிறகு பூட்ஸ் சத்தம் திரும்பியது. கான்ஸ்டபிள் வந்து, "யாருமில்லைங்க ஐயா, முள்ளுக் காடு" என்றார், காலில் தைத்த முள்ளைப் பிடுங்கியபடி.

சப்-இன்ஸ்பெக்டர் எழுந்தார். தம்பியின் அருகில் போய் நின்று பார்த்தார். "டாக்டர்கிட்ட காமிச்சீங்களா?" என்று கேட்டார். அம்மா தலையாட்டினாள். பிறகு மூவரும் போய்விட்டார்கள். ஜீப் சத்தம் தேய்ந்து மறையும்வரை அக்காவும் வைதேகியும் பாடினார்கள். அதற்குப் பிறகும், ஜீப் திரும்பி வருமோ என்ற பயத்தில், தட்டின் அந்தப் பக்கத்துக் கடைசிப் பாட்டையும் பாடி முடித்தார்கள்.

அப்பா வரவில்லை. அமைதியாக இருந்தும் வரவில்லை. பிடித்துவிட்டார்களா, தண்டவாளத்தில் விழுந்து கிடக்கிறாரா, தெரியவில்லை. இரவு எங்களோடு தங்கிய வைதேகி விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போனாள். மத்தியானம் வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்து, வாசலிலேயே, "இருக்கார், ஆன்ட்டி" என்றாள். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நடந்ததைப் பிற்பாடு அப்பாவே சொன்னார். பாட்டு கேட்டதும் படுத்துக்கொண்டாராம். அது நின்றதும் எழுந்து வீட்டை நோக்கி நடந்தாராம். அப்போது பெட்டியின் குரல் போய் மகளின் குரல் வந்தது. பெட்டியை விட்டுவிட்டுப் பெண்ணே கத்துகிறாள் என்றால் ஆபத்து வாசலில் இல்லை, வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது என்று புரிந்து, முள்ளுக்குள் புகுந்து படுத்துவிட்டார். டார்ச் அவர் தலைக்கு மேலே போயிற்று. பிள்ளையைப் பார்க்காமலே திரும்பிப் போனார். தம்பிக்கு அந்த வாரத்திலேயே காய்ச்சல் இறங்கியது.

வேலைநிறுத்தம் முறிந்தது. அப்பாவுக்கு வேலை போயிற்று. சில வருடங்கள் மர அறுவை மில்லில் கூலிக்கு நின்றார். ஆட்சி மாறிய பிறகுதான் மறுபடி பணிமனைக்குள் எடுத்தார்கள். வேலை இல்லாத அந்த நாட்களில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே அக்காவிடம், "அன்னிக்கு மூணாவது பாட்டுல ஒரு அடி விட்டுட்டே" என்றார். அக்கா சோற்றில் கைவைத்தபடி அவரையே பார்த்தாள். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போகிறவர், அத்தனை காலமும் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டிருக்கிறார்.

எண்பதுகளில் கேசட் வந்தது. அக்கா மணமாகி மேலப்புதூருக்குப் போனாள், வைதேகி பம்பாய்க்குப் போனாள். முடிக்காரர்கள் பிரிந்துவிட்டார்கள் என்று ஒரு வருடமும், சேர்ந்துவிட்டார்கள் என்று மறு வருடமும் செய்தி வரும். இருவரும் டிரங்க் கால் போட்டுப் பேசிக்கொள்வார்கள். அப்பா ஓய்வுபெற்றார். ஓய்வுபெற்ற பிறகும் காலையில் குளித்து, காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு பணிமனை வாசல்வரை நடந்துபோய், உள்ளே போகிறவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். நடக்க முடிந்தவரை அதை விடவில்லை.

இப்போது எங்கள் லைன் இல்லை. இடித்துவிட்டார்கள், தண்டவாளம்வரை வெறும் பொட்டல். ஒரு வீட்டில் காய்ச்சல் என்றால் லைன் முழுவதும் கஞ்சி வைத்த மனிதர்களும் இல்லை. அப்பா, அம்மா இருவரும் கல்லறைத் தோட்டத்தில். முடிக்காரர்களில் இருவர் செத்துவிட்டார்கள். மிச்சமிருக்கும் மூவரும் எண்பதை நெருங்கிக்கொண்டு, முடி உதிர்ந்து, இன்னும் மேடையேறுகிறார்கள். சென்ற மாதம் அவர்கள் மறுபடி உலகச் சுற்றுப்பயணம் கிளம்பும் செய்தியை அக்காவின் மகன் போனில் காட்டி, "இவ்ளோ சொத்து சேத்தும் ஆசை விடலை பாருங்கம்மா. இந்த வயசுல எதுக்குப் பாடணும்?" என்று கேட்டான்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் படத்தைப் பார்த்தாள்.

"பணத்துக்கு இல்லடா" என்றாள். "உங்க தாத்தா ரிட்டயர் ஆகியும் எதுக்கு பணிமனை கேட் வரைக்கும் போனாரு?"