இருபத்து நான்கு முடிச்சுகள்

பன்னிரண்டு பிள்ளைகள், இருபத்து நான்கு ஷூக்கள். ஒரு ஷூவுக்கு ஐந்து விநாடிக்கு மேல் அவன் கை எடுத்துக்கொள்ளாது. ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றுவான். பிள்ளையின் குதிகாலைத் தன் தொடைமேல் வைத்துக்கொள்வான். ஷூவின் நாக்கை மேலே இழுத்துவிட்டு, லேஸின் இரண்டு நுனியையும் சமமாக்கி, ஒரு இழுப்பு, ஒரு சுற்று, காது மாதிரி இரண்டு வளையம். முடிந்தது. வாய் அதுபாட்டுக்கு வேறு கதை பேசிக்கொண்டிருக்கும்.

"என்னடா, ஒரே ராத்திரியில கால் வளர்ந்துடுச்சா? நேத்து இந்த ஷூ லூசா இருந்துச்சே. அடுத்து!"

இது காலை ஆறே முக்காலுக்கு, எங்கள் விடுதியின் பின்பக்க நடையில், ஷூ அலமாரிக்கு முன்னால் நடக்கும். எதையும் கற்றுக்கொள்ளக் கூடுதல் நேரம் தேவைப்படும் பிள்ளைகளுக்கான தங்கும் பள்ளி எங்களுடையது. பதினான்கு முதல் பதினேழு வயதுவரை வைத்துக்கொள்வார்கள். அங்கே பத்தொன்பது வருடமாக நான் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். எழுப்ப வேண்டும், மாத்திரை கொடுக்க வேண்டும், எல்லோரையும் நேரத்துக்குச் சாப்பாட்டு மேசையில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். லேஸ் கட்ட வேண்டியது பிள்ளைகள்தான். 'செய்துகொடுக்காதே, காத்திரு' என்பது எங்கள் பயிற்சியில் முதல் நாள் பாடம். அது தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை. அவன் வந்த பிறகு காலை உணவு பத்து நிமிடம் முன்னதாகவே முடிந்தது. காரணம் அவ்வளவுதான்.

அவனும் அவன் மனைவியும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். கல்யாணமாகி ஒன்றரை வருடம். அவள் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. இப்படிப்பட்ட பிள்ளைகள் தங்கள் வேலையைத் தாங்களே செய்யப் பழக எத்தனை நாள் ஆகிறது, எது உதவுகிறது, எது கெடுக்கிறது என்பது அவள் ஆராய்ச்சி. ஒரு வருடம் எங்கள் பள்ளியில் தங்க அனுமதி வாங்கியிருந்தாள். அவன் தொண்டராக அவளோடு வந்தான். சம்பளம் கிடையாது. மூன்று வேளைச் சாப்பாடும், சலவை அறைக்கு மேலே ஒரு சின்ன அறையும் உண்டு. அந்த அறையில் இரண்டு ஒற்றைக் கட்டில்கள். நடுவில் பிளந்துகொண்டு போகாமலிருக்க, இரண்டின் கால்களையும் சேர்த்துப் பழைய லேஸால் கட்டி வைத்திருந்தான். எங்கள் பேச்சு பிடிபட அவளுக்கு ஒரு மாதம் ஆயிற்று. அவன் தப்பும் தவறுமாக இரண்டே நாளில் பேச ஆரம்பித்துவிட்டான். பழக்கத்துக்காக இருவரும் தங்களுக்குள்ளும் அதையே பேசிக்கொள்வார்கள்.

ஊரில் அவன் ஆறு வருடம் ஒரு பெரிய செருப்புக் கடையில் விற்பனையாளராக இருந்தவன். வாடிக்கையாளர் குனியக் கூடாது என்பது அந்தக் கடையின் சட்டம். கால் நீண்டால் கட்டிவிட வேண்டும். மனைவியைப் பார்த்ததும் அங்கேதான். ஷூ வாங்க வந்தவள், "விடுங்க, நானே கட்டிக்கிறேன்" என்றாளாம். இவன் அவள் காலடியில் உட்கார்ந்தபடியே, "மேனேஜர் பாக்கறாரு மேடம். ஒரு கால் மட்டுமாவது குடுங்க" என்றானாம். ஒரு காலை அவள் கட்டினாள், ஒரு காலை இவன் கட்டினான். அது கல்யாணத்தில் போய் முடிந்தது.

அவளுக்கு அனுமதி வந்ததும் அவன் வேலையை விட்டான். அவனுடைய அக்கா வாரம் ஒருமுறை போனில் பிடித்துக்கொள்வாள். சலவை அறையில் நான் துணி மடித்துக்கொண்டிருப்பேன். போன் ஸ்பீக்கரில் இருக்கும், எல்லாம் காதில் விழும்; புரியாததை அவனே பிறகு சொல்லிவிடுவான்.

"ஏன்டா, அவ படிக்கப் போறா, சரி. நீ எதுக்குடா பின்னாலயே பெட்டி தூக்கிட்டுப் போன? அங்க போய் என்னத்தக் கிழிக்கிற?"

"கிழிக்கலக்கா. கட்டறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொல்வான். ஆனால் போனை வைத்ததும் கீழே வந்து, "பெரியம்மா, ஏதாவது வேலை இருக்கா?" என்பான். சும்மா இருந்தால் அக்கா சொன்னது உண்மையாகிவிடுமோ என்ற பயம். முதல் வாரம் தோட்டம் பெருக்கினான். ஜன்னல் கொக்கிகளையெல்லாம் சரிசெய்தான். இரண்டாவது வாரம் ஷூவுக்கு பாலிஷ் போடும் வேலை வந்தது. அங்கே ஒரு பிள்ளை லேஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. கால் நீண்டது, இவன் கை தானாகப் போய்விட்டது. மறுநாள் இரண்டு பேர் நின்றார்கள். அந்த வார முடிவில் வரிசையே நின்றது. பிள்ளைகள் அவனுக்கு 'லேஸ் அண்ணன்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

மனைவி கண்ணில் இது படவில்லையா என்று கேட்பீர்கள். அவள் நின்றது முன்பக்கம், சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில். பிள்ளைகள் ஒவ்வொருவராக வரும்போது கையிலுள்ள தாளில் மூன்று கட்டங்களைப் பார்ப்பாள்: சட்டைப் பட்டன், தலைவாரல், லேஸ். சரியாக இருந்தால் டிக். எதைக் குறிக்கிறாள் என்பதைத் தலைமையாசிரியையைத் தவிர அவள் யாரிடமும் சொல்லவில்லை, புருஷனிடம்கூட. தெரிந்தால் கூட இருப்பவர்கள் தங்களை அறியாமலே வேறு மாதிரி நடந்துகொள்வார்கள், ஆய்வு கெட்டுவிடும் என்பது அவர்கள் படிப்பின் விதியாம். "எங்களுக்குள்ள ஒளிவுமறைவே கிடையாது பெரியம்மா" என்று அவன் என்னிடம் பெருமை பேசிக்கொண்டிருந்தான். அவன் போட்ட முடிச்சுக்கெல்லாம் அவள் டிக் போட்டுக்கொண்டிருந்தாள். ஏழு மாதம் ஓடியது.

இதில் மாட்டிக்கொண்டவள் ஒரு பெண். பதினேழு வயது. எதற்கெடுத்தாலும் "ஏன்?" என்பாள் என்பதால் எல்லோரும் 'கேள்வி' என்றே கூப்பிடுவோம். நகரத்தில் ஒரு பெரிய சலவைக்கூடம் வருடத்துக்கு மூன்று பேரை எங்களிடமிருந்து எடுத்து, தங்கவைத்து, தொழில் பழக்கி, வேலையும் கொடுக்கும். அங்கே என்னைப்போல் ஆள் கிடையாது. தானே எழுந்து, தானே தயாராகி, ஆறரைக்கு இயந்திரத்துக்கு முன்னால் நிற்க வேண்டும். தரை எப்போதும் ஈரம். அவர்கள் கொடுக்கும் லேஸ் வைத்த கனத்த பூட்ஸ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். ஒட்டுப்பட்டை வைத்த ஷூ போதாதா என்று நானே கேட்டுப் பார்த்தேன், ஒப்புக்கொள்ளவில்லை. போன வருடம் லேஸ் கட்ட வராததால்தான் கேள்வியின் பெயர் பட்டியலிலிருந்து விடுபட்டது. இந்த வருடம் அவளுடைய கட்டத்தில் டிக் மேல் டிக். தலைமையாசிரியை அதைப் பார்த்து மூன்றாவது பெயராக அவளை எழுதினார். கிளம்பப் பத்து நாள் இருந்தது. அவள் பையை அடுக்குவதும் பிரிப்பதும் திரும்ப அடுக்குவதுமாக இருந்தாள்.

அந்த நேரம் பார்த்து அவனுக்குக் காய்ச்சல் வந்தது. நூற்றிரண்டு டிகிரி. மாத்திரை கொடுத்து, எழுந்திருக்கவே கூடாது என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். பின்பக்க நடையில் பன்னிரண்டு பேரும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இருபத்து நான்கு கால்களும் நீட்டியபடி இருந்தன.

"என்ன உக்காந்திருக்கீங்க? சாப்பிட வரலையா?"

"அண்ணன் வரல."

ஏழு மணி தாண்டியும் ஒரு பிள்ளையும் வராததால், அவன் மனைவி வாசலை விட்டுத் தாளோடு பின்பக்கம் வந்தாள். கால்களைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"பெரியம்மா, இவங்க ஏன் காலை நீட்டிட்டு இருக்காங்க?"

"உன் வீட்டுக்காரர் கட்டிவிடுவார். அதுக்குத்தான்."

"எத்தனை நாளா?"

"நீங்க வந்த ரெண்டாவது வாரத்துலேர்ந்து."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். பிள்ளைகளிடம் திரும்பி, "இன்னிக்கு நீங்களே கட்டுங்க" என்றாள். மூன்று பேர் கட்டினார்கள். அதில் நெட்டை என்று நாங்கள் கூப்பிடும் பையன், கண் மூடித் திறப்பதற்குள் கட்டிவிட்டு எழுந்தான்.

"உனக்குக் கட்டத் தெரியுமா?"

"எப்பவோ தெரியுமே."

"அப்புறம் எதுக்கு அண்ணன்கிட்ட காலை நீட்டின?"

"பாவம்க்கா. அவருக்கு வேற வேலை இல்லல்ல."

கேள்வி மூன்று தடவை முயன்றாள். ஒவ்வொரு தடவையும் இரண்டாவது காது நழுவியது. கடைசியில் நுனிகளை ஷூவுக்குள் திணித்துவிட்டு, "முடிஞ்சிடுச்சு" என்றாள்.

நான் வெந்நீர் எடுத்துக்கொண்டு மேலே போனபோது அவன் மனைவி எனக்கு முன்பே போயிருந்தாள். சாதாரணமாக அவனை வா, போ என்றுதான் பேசுவாள். கோபம் வந்தால் மரியாதை வந்துவிடும்.

"நீங்கதான் கட்டினீங்களா?"

'நீங்க' என்றதைக் கேட்டு அவன் எழுந்து உட்கார்ந்தான். "என்னாச்சு?"

"லேஸ். ஏழு மாசமா நான் டிக் போட்டதெல்லாம் உங்க முடிச்சு."

அவனுக்குப் புரிய நேரம் பிடித்தது. "அதையா குறிச்சிட்டிருந்த? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லக் கூடாது. அதான் விதி."

"நீ வாசல்ல நிக்கறியே, உனக்கு லேட்டாகக் கூடாதுன்னுதான் வேகவேகமா கட்டினேன்."

அவள் எதிர்க்கட்டிலில் உட்கார்ந்தாள். "போன மாசம் என்ன எழுதி அனுப்பினேன் தெரியுமா? லேஸ் கட்டுவதில் வியக்கத்தக்க முன்னேற்றம்னு."

"வியக்கத்தக்கன்னா போட்ட? கடையில ஆறு வருஷத்துல ஒருத்தர்கூட அப்படி எழுதலையே."

அவள் சிரிக்கவில்லை. அவன் மெதுவாக, "அப்ப கேள்வி?" என்றான்.

"அதைத்தான் நானும் யோசிக்கறேன்."

"அவ பேரு பட்டியல்ல வந்தாச்சு. நாம சொல்லலன்னா யாருக்குத் தெரியப்போகுது?"

"பெரியம்மாவுக்குத் தெரியும்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். "எனக்குத் தெரியறது கிடக்கட்டும். அங்க தரை ஈரம், மெஷின் ஓடும்" என்றேன். தம்ளரை வைத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

மதியம் இருவரும் தலைமையாசிரியை அறைக்கு வந்தார்கள். காய்ச்சலோடு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு அவனும் வந்திருந்தான். யார் தவறு என்று கேட்டதும் அவள் "என் தப்பு" என்றாள், அவன் "இல்ல மேடம், என் தப்பு" என்றான். நான் கதவோரம் நின்றபடி, "நானும் பாத்துட்டு சும்மா இருந்தேன்" என்றேன்.

"மூணு பேரும் ஒரே தப்பை ஏலம் எடுக்காதீங்க" என்றார் தலைமையாசிரியை. "இந்தப் பொண்ணை என்ன பண்றது, அதைச் சொல்லுங்க."

கடைசியில் அவரே முடிவு சொன்னார். கிளம்பும் நாளுக்குள் தொடர்ந்து ஐந்து நாள் காலையில் கேள்வி தானே லேஸ் கட்டிக் காட்டினால் போகலாம். இல்லாவிட்டால் அந்த இடம் நெட்டைக்கு. அவனும் காத்திருக்கிறான், அவனுக்கும் நியாயம் உண்டு.

அன்று பிற்பகலே அவள் தன் பல்கலைக்கழகத்துக்கு எழுதினாள். லேஸ் பற்றிய கட்டம் முழுவதும் செல்லாது, போன மாதம் எழுதியது தவறு, காரணம் இன்னது, கட்டியவர் என் கணவர். அனுப்புவதற்கு முன் அவனிடம் காட்டினாள். அவன் படித்துப் பார்த்து, "என் பேர்ல எழுத்துப்பிழை இருக்கு" என்று மட்டும் சொன்னான். திருத்தி அனுப்பினாள். அதற்கு என்ன பதில் வரும், ஆராய்ச்சி நிற்குமா போகுமா என்று அப்போது யாருக்கும் தெரியாது.

கேள்வியிடம் யார் சொல்வது? "நான்தான் சொல்லணும்" என்றான். பின்பக்க நடையில் அவள் பெஞ்சில் இருக்க, இவன் பழக்கதோஷத்தில் அவள் காலடியில் முழங்காலை ஊன்றினான். பிறகு என்ன நினைத்தானோ, எழுந்து பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நான் உனக்கு லேஸ் கட்டிவிட்டது தப்பு."

"ஏன்?"

"நீ கட்டப் பழகல."

"ஏன்?"

"நான் கட்டினதால."

"அப்ப நான் போகமாட்டேனா?"

"நீயே கட்டினா போவ."

"நீங்க கட்டினா?"

"நான் கட்டினா நீ போகமாட்ட."

அவள் குனிந்து, ஷூவுக்குள் திணித்திருந்த லேஸ் நுனிகளை வெளியே இழுத்தாள். "அப்ப நீங்க காலையில வராதீங்க" என்றாள்.

அவன் தலையாட்டிவிட்டு எழுந்து நான்கடி போனான்.

"அண்ணா! வாங்க. கை மட்டும் வேணாம்."

மறுநாள் காலை நான் பிள்ளைகளை அரை மணி நேரம் முன்னதாகவே எழுப்பினேன். அவனுக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது. எதிர்ப் பெஞ்சில் வந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். அவன் மனைவி சாப்பாட்டுக் கூடத்தின் வாசலை விட்டுவிட்டு ஷூ அலமாரிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டுக்கொண்டாள். புது நோட்டில் தேதியை எழுதி, அதன் கீழே 'முதல் நாள்' என்று எழுதினாள். மற்றவர்கள் கட்டியதும் கட்டாததுமாகக் கிளம்பினார்கள். கேள்வி இருந்தாள். இடது காலுக்குப் பதினோரு நிமிடம். வலது காலில் காது நழுவியபோது எதிர்ப் பெஞ்சிலிருந்து அவன் பாதி எழுந்துவிட்டான்.

"உக்காருங்க" என்றாள் அவள், நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல். மரியாதை இன்னும் போகவில்லை.

உட்கார்ந்தான். வலது காலுக்கு எட்டு நிமிடம். சமையல்காரர் கரண்டியோடு வந்து, "இது காலைச் சாப்பாடா, மத்தியானச் சாப்பாடா?" என்று கத்திவிட்டுப் போனார். கேள்வி எழுந்து நடந்தாள். நான்காவது அடியில் வலது கால் முடிச்சு அவிழ்ந்தது. இடது கால் முடிச்சு சாப்பாட்டுக் கூடம் வரை தாங்கியது. அவன் மனைவி நோட்டில் அன்றைய கட்டத்தை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் ஒரு டிக் போட்டாள். நான் கேள்வியின் ஆறிப்போன தட்டை எடுத்துப்போய்ச் சுடவைத்துக் கொண்டுவந்தேன்.