மாப்பிள்ளை வாட்ச் நின்ற காலை

புதுத் தோல் வாசனையும் மஞ்சள் வாசனையும் சேர்ந்து வந்தால் எனக்கு இன்றைக்கும் அருப்புக்கோட்டை வீட்டுச் சாமி அலமாரிதான் ஞாபகத்துக்கு வரும்...

தங்கச்சி செல்வியின் கல்யாணத்துக்கு வாங்கிய மாப்பிள்ளை வாட்சை அம்மா அதில்தான் வைத்திருந்தாள்.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்தன்று மாப்பிள்ளை கையில் மைத்துனன் வாட்ச் கட்டிவிட வேண்டும். ஏதோ ஒரு வாட்ச் என்றால் கவலை இல்லை. மாப்பிள்ளையின் அண்ணனுக்கு அவருடைய மாமனார் வீட்டில் பேட்டரி இல்லாமல் ஓடும் வெளிநாட்டு வாட்ச் போட்டிருந்தார்கள். "மூத்தவருக்குப் போட்ட மாதிரி" என்று மாப்பிள்ளை வீட்டார் திருச்சுழியிலிருந்து பக்குவமாகச் சொல்லி அனுப்பினார்கள்.

அப்பா இல்லாத வீடு. அம்மா பாத்திரக்கடையைப் பார்த்துக்கொண்டாள். நான் மதுரையில் ஒரு மருந்து ஏஜென்சியில் வேலை, தினமும் பஸ்ஸில் போய் வருவேன். செல்விக்கு ஏற்கெனவே ஒரு சம்பந்தம் பூ வைத்த பிறகு கலைந்துபோயிருந்தது. அதனால் இந்தத் தடவை அம்மா எதற்கும் மறுபேச்சுப் பேசவில்லை.

மதுரையில் வாங்கினேன். கடைக்காரர் என்னென்னவோ விளக்கினார். நானும் பெரிய மனுசன் மாதிரி தலையாட்டினேன், ஒன்றும் காதில் ஏறவில்லை. பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காரியாபட்டி வரும்வரை சோதனை போட்டேன். கண்ணாடியில் கீறல் இருக்கிறதா... பின்மூடி நம்பரும் வாரண்டி கார்டு நம்பரும் ஒன்றுதானா... திருகு லேசாகத் திரும்புகிறதா... பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, தங்கமா?"

"வாட்சுண்ணே."

அவ்வளவுதான், அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டில் அம்மா பெட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து அலமாரியில் ஏற்றினாள். "மாப்பிள்ள கை படுற வரைக்கும் இத யாரும் தொடக்கூடாது" என்று உத்தரவு வேறு. சீர்ப் பொருளை முன்கூட்டி யாரும் புழங்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு காலை விளக்கேற்றப் போன அம்மா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். வாட்ச் நின்றுபோயிருந்தது.

"தம்பி, கதவச் சாத்துடா... இது யாரு காதுலயும் விழக்கூடாது. மாப்பிள்ள வாட்சு நின்னுபோச்சுன்னு தெரிஞ்சா கல்யாணத்தையே நிப்பாட்டிப்புடுவாக."

கதவைச் சாத்தினேன். எனக்கும் பயம்தான். முந்தின சம்பந்தம் இதைவிடச் சின்ன விஷயத்துக்குத்தான் கலைந்தது.

கடைக்குப் போன் போட்டேன். "அன்னைக்கே சொன்னேனே சார். அதுக்குப் பேட்டரி கெடையாது. கை ஆட ஆடத்தான் உள்ள சாவி ஏறும். சும்மா வச்சா நின்னுரும். பத்து நாளாவது கட்டிப் பாருங்க, டைம் முந்துதா பிந்துதான்னு தெரிஞ்சுக்கலாம்" என்றார்.

யார் கட்டுவது? நான் கையை நீட்டினேன். அம்மா முறைத்தாள். "மாப்பிள்ளைக்கு வச்சத நீ கட்டிக்கிட்டுத் திரிவியா?"

அடுப்படியிலிருந்து செல்வி வந்தாள். "குடும்மா, நான் கட்டுறேன். எனக்குத் தாலி கட்டப் போறவுக வாட்சுதானே."

அம்மா யோசித்தாள். அதற்கு மட்டும் அவள் சட்டத்தில் தடை இல்லை.

அத்தனை பெரிய ஆம்பிளை வாட்ச் அவள் கையில் முழங்கை வரை ஏறி இறங்கியது. அதோடுதான் கூட்டினாள், மாவு பிசைந்தாள். தண்ணீர் பிடிக்கும்போது மட்டும் முழங்கை வரை ஏற்றிவிட்டுக்கொள்வாள். காலையில் என் செல்போனை வாங்கி மணி ஒத்துப் பார்ப்பாள். "அண்ணே, இவுக இன்னைக்குக் கொஞ்சம் முந்துறாக. ரொம்ப அவசரக்காரக போல" என்று சிரிப்பாள். மாப்பிள்ளையோடு அவள் அதுவரை சரியாகப் பேசியதுகூடக் கிடையாது. அந்த வாட்சோடுதான் பேசிப் பழகினாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

கல்யாண மேடையில் நான் அதைக் கட்டிவிட்டபோது ஓடிக்கொண்டிருந்தது. கீழே அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை நல்ல மனிதர்தான், குறை சொல்ல மாட்டேன். ஒரு வருடம் கட்டினார். அப்புறம் "கனமா இருக்கு" என்று கழற்றி வைத்துவிட்டு, எத்தனை அடி நடந்தோம் என்று சொல்லும் வாட்சுக்கு மாறிவிட்டார். சும்மா கிடக்கிறதே என்று செல்வி வாரைச் சின்னதாக்கித் தன் கையில் கட்டிக்கொண்டாள்.

இதெல்லாம் இப்போது எதற்கு என்றால்... போன மாதம் நானும் செல்வி கையில் இருப்பது மாதிரி பேட்டரி இல்லாத வாட்ச் ஒன்று வாங்கினேன். இத்தனை வருடம் உழைத்த அலுப்புக்கு ஒரு பரிசு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கீறல், நம்பர், திருகு என்று பழைய சோதனைகளை எல்லாம் செய்தேன். என்ன காரணமோ, அந்தப் பஸ் பயணத்தில் இருந்த படபடப்பு வரவில்லை. சனி, ஞாயிறு அசதியில் படுத்தே கிடந்துவிடுகிறேன். திங்கட்கிழமை பார்த்தால் வாட்ச் நின்றிருக்கிறது.

நேற்று செல்விக்குப் போன் போட்டேன். பின்னால் மிக்சி ஓடுகிற சத்தம். படுத்த படுக்கையாக இருக்கும் மாமியார் கூப்பிடுகிற சத்தம்.

"ஏம்மா, ஒன் வாட்சு எப்பவாச்சும் நின்னுருக்கா?"

"நின்னதே இல்லண்ணே" என்றாள். "செத்த நேரம் கை சும்மா இருந்தாத்தானே அது நிக்கும்... இரு, அத்தை கூப்புடுறாக, அப்பறம் பேசுறேன்."

அப்போது அந்த வாட்ச் நின்றுவிடக் கூடாதே என்று வீடே சாமி கும்பிட்டோம். இப்போது அது ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது நிற்காதா என்று இருக்கிறது.