ஐயா கல் பொறுக்கிய அரிசி

ஐயா மறைந்த முப்பத்தோராம் நாள் செய்யும் அந்தியேட்டியில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உற்றார் உறவினருக்கும் நண்பர்களுக்கும், மூத்த மகளாகிய நான் முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஐயா தம் கடைசி ஐந்து ஆண்டுகள் சோறு உண்ணவில்லை. அதை நிறுத்தியவள் நான். பெற்ற தகப்பனுக்குச் சோறு போடாத மகள் என்று வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கதைத்தவர்களில் சிலர் இதை இப்போது வாசித்துக்கொண்டிருப்பீர்கள். உங்கள் மீது எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். ஆனாலும் சண்டைக்காக இதை எழுதவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்வதுதான் ஐயாவுக்கு நான் செய்யக்கூடிய மரியாதை.

ஐயா வடமராட்சியில் பயிர் செய்யும் ஒரு கமக்காரக் குடும்பத்தின் ஐந்தாவது பிள்ளை. பதினெட்டு வயதில் கொழும்புக்கு ரயிலேறி, ஜிந்துப்பிட்டியில் ஒன்றுவிட்ட தமையனாரின் ஒற்றை அறையில் தங்கி, கொட்டாஞ்சேனைப் பக்கத்துத் தேங்காய் எண்ணெயும் சலவைச் சவுக்காரமும் செய்யும் மில்லொன்றில் பீப்பாய் உருட்டும் வேலைக்குச் சேர்ந்தார். அவரை உயர்த்தியது அவருடைய மூக்கு. உள்ளங்கையில் இரண்டு துளி எண்ணெய் விட்டுத் தேய்த்து மணந்தாரானால், கொப்பரை வெயிலில் காய்ந்ததா புகையில் காய்ந்ததா, எண்ணெய் புதியதா பழையதா என்று சொல்லிவிடுவார். பத்து வருடத்தில் மில்லின் எண்ணெய் முழுவதும் அவர் கையைத் தாண்டித்தான் வெளியே போனது.

தம்பிக்கு மூன்று வயதாக இருக்கும்போது அம்மா காலமானார். ஐயா மறுமணம் செய்யவில்லை. காலையில் வேலைக்குப் போகுமுன் ஒரு பானை சோறும் ஒரு கறியும் ஆக்கி வைத்து, எங்கள் மூவரையும் சுற்றி உட்காரவைத்து, நல்லெண்ணெய் விட்டுக் குழைத்து உருண்டை உருண்டையாக ஊட்டிவிட்டுத்தான் போவார். பிறகு தமக்கு ஒரு கோப்பை நிறையப் போட்டுக்கொள்வார். கறி இல்லாவிட்டாலும் அவருக்கு ஒன்றும் இல்லை. சோறு இருந்தால் போதும். தங்கை கலியாணம் முடித்துக் கல்கிசைக்குப் போனாள். தம்பி துறைமுகக் காரியாலயத்தில் வேலைக்குச் சேர்ந்து, குடும்பமாகி, வெள்ளவத்தையில் வாடகை வீடு எடுத்து எங்களைக் கூட்டிச் சென்றான். நான் கலியாணம் செய்யவில்லை. அந்தக் கதை இங்கு வேண்டாம்.

ஐயாவுக்கு நீரிழிவு என்று தெரிந்தது காலில் பட்ட ஒரு சிறு காயம் மூன்று மாதமாக ஆறாததால். டொக்டர் சிறுநீரை நீல மருந்தோடு காய்ச்சிப் பார்த்தார். சர்க்கரை இல்லாவிட்டால் நீலமாகவே இருக்குமாம். செங்கல் நிறமாக வந்தது. சோறு, பாண் ரொட்டி, கிழங்கு, பனங்கட்டி எல்லாம் விஷம் என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். இறைச்சி, மீன், முட்டை, கீரை, சீஸ், நல்ல எண்ணெய், நெய் இவை தாராளமாகச் சாப்பிடலாம். ஊசி மருந்து எப்போதும் கிடைக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம், சாப்பாடுதான் மருந்து என்று என்னைப் பார்த்துச் சொன்னார். ஐயாவைப் பார்த்துச் சொல்லவில்லை. அடுப்பு யார் கையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

தம்பி கொழும்புக் கோட்டைக் கடையொன்றில் தகரத்தில் அடைத்த சீஸ் வாங்கி வந்தான். ஐயா ஒரு துண்டை மணந்து பார்த்து, வாயில் போட்டு, நெடுநேரம் மென்றார்.

"இதுக்கும் எங்கட மில்லில வெட்டுற சவுக்காரத்துக்கும் என்ன வித்தியாசம் பிள்ளை?"

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அந்த நீரிழிவு வருத்தம் வீட்டுக்குள் வந்த பிறகு நாங்கள் சிரித்தது அன்றுதான் முதல் தடவை.

என் முதல் பிழையையும் இங்கே சொல்ல வேண்டும். இறைச்சி தாராளமாகக் கொடுக்கலாம் என்றதும், எனக்குத் தெரிந்த இறைச்சிப் பலகாரமாகிய கட்லட்டைச் செய்யத் தொடங்கினேன். ஐயா நாள்தோறும் மில்லுக்குப் போகும்போது சாப்பாட்டுப் பெட்டியில் நாலு கட்லட் வைப்பேன். மற்றவர்கள் பத்து மணிக்குப் பணிஸும் இனிப்புத் தேநீரும் எடுக்கும்போது ஐயா அதை எடுப்பார். இரண்டு மாதமாகியும் சிறுநீரின் நிறம் மாறவில்லை. ஐயா களவாகச் சோறு தின்கிறார் என்று நான் சந்தேகப்பட்டேன். கேட்டும்விட்டேன். மறுநாளும் அவர் அதே பெட்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். கடைசியில் டொக்டர் கட்லட்டுக்குள் என்ன போடுகிறாய் என்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. உள்ளே பாதி உருளைக்கிழங்கு, வெளியே ரஸ்க் தூள். இரண்டு மாதமாக என் கையாலேயே விஷம் ஊட்டியிருக்கிறேன். சந்தேகம் வேறு.

பக்கத்து வீட்டு பாத்திமா ராத்தாவிடம் போய் அழுதேன். அவர்கள் வீட்டு இறைச்சிப் பலகாரம் அந்த ஒழுங்கை முழுவதும் பெயர்பெற்றது.

"கெழங்கு இல்லாட்டி என்ன, முட்டை பிடிச்சுக்கும் மகள்," என்றார் அவர். "ரஸ்குக்குப் பதிலா தேங்காப்பூவ வறுத்துப் பெரட்டுங்க. உள்ளுக்கு அந்தச் சீஸ ஒரு துண்டு வச்சுப் பாருங்க."

அப்படித்தான் எங்கள் வீட்டுப் பலகாரங்கள் உண்டாயின. கொத்திய ஆட்டிறைச்சிக்குள் சீஸ் வைத்த உருண்டை. மிளகு தூவி நல்லெண்ணெயில் ஓரம் முறுகப் பொரித்த சீஸ் துண்டு. ஈரலும் வெங்காயமும் வதக்கி முட்டையில் சுருட்டியது. எல்லாம் அரை மணி நேர வேலைதான். எண்ணெய் விஷயத்தில் மட்டும் ஐயா யாரையும் நம்பவில்லை. இறைச்சிக்கு வெயிலில் காய்ந்த கொப்பரையின் தேங்காய் எண்ணெய், முட்டைக்கும் கீரைக்கும் நல்லெண்ணெய், ஒருமுறை புகைந்த எண்ணெயை மறுமுறை அடுப்பில் வைக்கக்கூடாது என்பது அவர் சட்டம். நான் ஒருநாள் சோம்பலில் பழைய எண்ணெயை வைத்துவிட்டேன். விறாந்தையில் இருந்தபடியே, பிள்ளை, அதை ஊத்திப்போட்டு வேறை வை என்றார். அதற்குள் கண் மங்கத் தொடங்கியிருந்தது. மூக்கு மங்கவில்லை.

நிறம் செங்கலிலிருந்து பச்சைக்கு வந்தது, சில நாட்களில் நீலமாகவும் வந்தது. காயம் ஆறியது. டொக்டர் என் முதுகில் தட்டினார்.

பிறகு ஜப்பான் யுத்தம் வந்தது. பர்மா அரிசி நின்றுபோய், ஆளுக்கு இவ்வளவு என்று கூப்பன் அரிசி வந்தது. ஐயாவின் கூப்பனுக்கும் அரிசி தந்தார்கள். அதை நானும் தம்பி குடும்பமும் உண்டோம். தகப்பனுக்கு வருத்தம் என்று சொல்லி அவருடைய அரிசியையும் சேர்த்துத் தின்கிறாள் என்ற பேச்சு அப்போதுதான் எழுந்தது. அந்தப் பங்கு இல்லாவிட்டால் தம்பியின் இரண்டு பிள்ளைகளும் அரை வயிற்றோடு படுத்திருக்கும். தின்றது உண்மை என்பதால்தான் அந்தப் பேச்சு எனக்கு அவ்வளவு சுட்டது.

கூப்பன் அரிசியில் பாதிக்குப் பாதி கல். சனிக்கிழமை அரிசி வந்ததும் ஐயா அரிசி புடைக்கும் சுளகை எடுத்துக்கொண்டு விறாந்தையில் உட்கார்ந்துவிடுவார். வேலையிலிருந்து ஓய்ந்து, பார்வையும் முக்கால்வாசி போய்விட்ட காலம் அது. விரலால் தடவித் தடவிக் கல்லைப் பொறுக்கி எடுப்பார். உண்ணக் கூடாதவரின் மடியில் அரிசியைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"விடுங்கோ ஐயா, நான் பாக்கிறன்."

"கல்லுக் கடிச்சாப் பிள்ளையளுக்குப் பல்லுப் போயிடும். தின்னத்தானே கூடாது. தொடக்கூடாதெண்டு டொக்டர் சொல்லேல்லையே."

பொறுக்கி முடித்ததும் கையை மூக்கருகே கொண்டுபோவார். எண்ணெய் மணப்பதுபோல அந்த அரிசி மாவை மணப்பார். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு செய்வார். நான் உள்ளே போய்விடுவேன்.

இந்த வருடம் மற்றக் காலில் புண் வந்தது. இம்முறை ஆறவில்லை. கடைசிச் சனிக்கிழமை காய்ச்சலோடும் எழுந்து உட்கார்ந்து சுளகைக் கேட்டார். வழமையாக ஒரு மணி நேரத்தில் முடிப்பதை அன்று பகல் முழுவதும் எடுத்துப் பொறுக்கினார். திங்கட்கிழமை மத்தியானம், நான் இறைச்சி உருண்டையைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பிள்ளை, ஒரு பிடி சோறு தா."

ஐந்து வருடத்தில் ஒருநாளும் கேட்காதவர் கேட்டார். அடுப்பில் சோறு இருந்தது. எனக்கு எழுந்து போகக் கால் உன்னியது. ஆனால் டொக்டர் மறுநாள் வருவதாக இருந்தார். சிறுநீர் செங்கல் நிறமாக வந்தால் என்ன சொல்வேன் என்று பயந்தேன்.

"நாளைக்கு டொக்டர் வந்து பாக்கட்டும் ஐயா. கேட்டுப்போட்டுத் தாறன்."

"ஓம், நாளைக்குத் தா," என்றார். கோபிக்கவில்லை.

மறுநாள் விடிந்தபோது அவருக்கு நினைவு இல்லை. புதன்கிழமை காலமானார். டொக்டரிடம் கேட்டேன். அந்த நிலையில் ஒரு பிடி சோறு நன்மையும் செய்திராது, தீமையும் செய்திராது என்றார். அவர் எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. இன்றும் இல்லை.

வாய்க்கரிசி போட அரிசி கேட்டார்கள். கூப்பன் அரிசி என்று நான் சொன்னதும், சுளகு கொண்டுவா, கல் பார்க்க வேண்டும் என்றார் சித்தப்பா. வேண்டாம், ஐயாவே பார்த்து வைத்துவிட்டார் என்றேன். ஐந்து வருடமாக ஒரு பருக்கையும் போகவிடாத வாய்க்குள் எல்லோரும் ஒவ்வொரு பிடியாகப் போட்டார்கள். சோறு போடாத மகள் என்று சொன்னவர்களும் போட்டார்கள். என் முறை வந்தபோது என் கை எழவில்லை. தங்கை என் கையைப் பிடித்துப் போடுவித்தாள்.

இந்த வேளையில் நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். ஐந்து வருடம் ஐயாவை எங்களோடு இருக்கவைத்த டொக்டர் அவர்களுக்கும், இழவு வீட்டில் மூன்று நாள் எங்களுக்குச் சாப்பாடு அனுப்பிய பாத்திமா ராத்தாவுக்கும், கனத்தை மயானம்வரை கூட வந்த மில் தொழிலாளருக்கும், முகத்துவாரத்தில் கிரியைகளை முறையாக நடத்தித் தந்த குருக்கள் அவர்களுக்கும், யுத்தகாலச் சிரமத்திலும் வடமராட்சியிலிருந்து வந்து சேர்ந்த சுற்றத்தாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. என்னைக் குறை சொன்னவர்களும் வந்தீர்கள். அதற்கும் நன்றி.

எட்டுச் செலவன்று படையலுக்கு என்ன வைப்பது என்று கேட்டார்கள். இறந்தவருக்கு விருப்பமானது என்பதுதானே வழக்கம். இறைச்சி உருண்டையும் சீஸும் வைக்கலாம், கடைசியாக அவர் உண்டது அதுதானே என்றான் தம்பி. நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தச் சனிக்கிழமை அரிசியில் மிச்சம் இருந்ததை முழுவதும் உலையில் போட்டேன். தலைவாழை இலையில் சோற்றைக் குவித்து, அவர் மணந்து பார்த்து வாங்கி வைத்திருந்த நல்லெண்ணெய்ப் போத்தலில் இருந்து எண்ணெய் விட்டேன். நாளைக்குத் தருகிறேன் என்ற சோற்றை எட்டாம் நாள்தான் என்னால் கொடுக்க முடிந்தது. பிறகு அதை எடுத்துக் குழைத்து, உருண்டை பிடித்து, வீட்டில் எல்லோருக்கும் கொடுத்தேன். தம்பியின் பிள்ளைகள் சாப்பிட்டார்கள், தங்கை சாப்பிட்டாள், கடைசியாக நானும் சாப்பிட்டேன். ஒருவர் வாயிலும் ஒரு கல் கடிபடவில்லை.