அப்பா அரைத்த கீழாநெல்லி

பச்சைப்புல்லை மென்று துப்பியது போன்ற வாடையும், தொண்டையை விட்டு இறங்க மறுக்கும் பச்சை நிற மோரும்தான், ஒன்பது வயதில் எனக்கு வந்த மஞ்சள்காமாலையை நினைத்தால் முதலில் ஞாபகத்துக்கு வருகின்றன.

எங்கள் ஊரில் நடவுக் கூலிக்காக வேலைநிறுத்தம் நடந்த வருஷம் அது. அம்மா நடவு நடுகிறவள், சங்கத்தில் முன்வரிசை. அப்பா தையல்காரர், ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் அம்மாவின் சங்கத்துக்கும் ஒரே மெஷினில் கொடி தைத்துக் கொடுத்தாரே தவிர, வயலில் கால் வைத்தவரில்லை. என் கண் மஞ்சளான மூன்றாம் நாள், மிராசுதார் வயலை மறித்த பெண்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. "ஏங்க, புள்ளைக்குக் கீழாநெல்லிய அரச்சு மோர்ல குடுங்க, எண்ணெ காட்டாதீங்க!" என்று வேனுக்குள்ளிருந்து அம்மா போட்ட சத்தத்தில் கோஷமே அமுங்கிப்போனது.

அப்பா ஆடிப்போய்விட்டார். என்னைச் சைக்கிளில் உட்காரவைத்து டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் கண்ணை இழுத்துப் பார்த்து, "நல்லா ரெஸ்ட் குடுங்க, தானா சரியாயிடும்" என்றார். "தானா சரியாவறதுக்கு இவரு எதுக்கு டாக்டரு?" என்று வழியெல்லாம் பொருமிக்கொண்டே வந்தவர், வீடு சேர்ந்ததும் வாய்க்கால் கரைக்குப் போய் ஒரு கட்டுச் செடியைப் பிடுங்கி வந்தார்.

அதைக் கத்திரிக்கோலால் நறுக்கி, அம்மியில் அரைத்து, கொடித்துணியில் வடித்தால் சாயம் இறங்கும் என்று யோசித்து மல்துணியில் வடிகட்டி, தினமும் வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் கொடுத்தார். பிறகு என் இமையை விலக்கி, வெள்ளைத் துணி ஒன்றைப் பக்கத்தில் பிடித்து நிறம் ஒத்துப்பார்ப்பார். நான் பிழைக்கமாட்டேனோ என்ற பயம் அவர் முகத்தில் அப்படியே தெரியும். காமாலையைவிட அந்த முகம்தான் என்னைப் பயமுறுத்தியது.

பன்னிரண்டாம் நாள் அம்மா விடுதலையாகி வந்தபோது என் கண் வெளுத்திருந்தது. அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மிச்சமிருந்த செடிகளை எடுத்துக் காட்டினார். அம்மா அவற்றைப் பார்த்தாள்; குழவி பிடித்துக் கொப்புளித்திருந்த அவர் கையைப் பார்த்தாள்.

"நல்லா அரச்சிருக்கீங்க. இனிமே யாரு கேட்டாலும் பறிக்கிறது நான், அரைக்கிறது நீங்க" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனாள். பின்னாலேயே போன என்னிடம், முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே, "கீழாநெல்லின்னா இலைக்கு அடியில கடுகாட்டம் காய் இருக்கும்டி. ஒங்கப்பா வயலுக்கு உரமா மடக்கி உழுவுற தக்கைப்பூண்ட அரச்சுக் குடுத்திருக்காரு!" என்றாள். சிரித்த வேகத்திலேயே என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "அவருகிட்ட சொல்லிடாத" என்றாள்.

இன்று நான் தஞ்சாவூரில் ரத்தப் பரிசோதனைக்கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். கீழாநெல்லி கேட்குமா என்று கேட்பவர்களிடம், எனக்கு வந்தது போன்ற காமாலை பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும், செடியால்தான் இறங்கியது என்று சொல்ல ஆராய்ச்சியில் இன்னும் உறுதியான சான்று இல்லை, எல்லாக் காமாலையும் ஒன்றல்ல என்பதால் முதலில் டாக்டரைப் பாருங்கள் என்கிறேன். அப்பா மட்டும், "எம் மருந்துதானே ஒன்னக் காப்பாத்துனுச்சு?" என்று கேட்டபோதெல்லாம், எந்தச் சான்றும் இல்லாமல் "ஆமாம்ப்பா" என்றே சொல்லிவந்தேன்.

அந்த வாய்க்கால் கரையில் இப்போது சிமெண்ட் பூசிவிட்டார்கள். அம்மா முன்பே போய்விட்டாள். அப்பா இருந்தவரை இதை எழுத எனக்கு மனம் வரவில்லை. போன மாசியில் அவரும் போய்விட்டார்.