அண்ணன் அறையின் காற்று

எங்கள் ஆய்வகத்தில் அதற்கு என்னென்னவோ பெயர் வைத்திருந்தோம். பார்த்தால் மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா, அவ்வளவுதான். உள்ளே நகத்தளவு பிலிம் துண்டு. வீட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் உலவும் ரேடான் வாயு அதில் தழும்பு போட்டுவிட்டுப் போகும். சில மாதம் தொங்கவிட்டு, எடுத்து வந்து ஆய்வகத்தில் பார்த்தால் எந்த வீட்டில் எவ்வளவு என்று சொல்லிவிடலாம். வீடு, பள்ளிக்கூடம், பட்டறை என்று தருமபுரி மாவட்டம் முழுக்க அலைந்து அதைத் தொங்கவிட்டேன். ஆனாலும் பாப்பாரப்பட்டியில், காலமாகிவிட்ட என் அண்ணனின் அறையில் ஒன்றைக் கட்டிய அந்த மத்தியானம்தான் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

அண்ணன் லாரி ஓட்டியவர். மாரடைப்பில் போய்ச் சேர்ந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அன்றைக்குச் சாத்திய ஜன்னல்களை அண்ணி திறக்கவே இல்லை. கதவைத் தள்ளினால் டீசலும் மூக்குப்பொடியும் சந்தன சோப்புமாக அண்ணன் வாசம் குப்பென்று அடிக்கும். அடாவடி மனுஷன், செத்தும் அறையைக் காலி பண்ணவில்லையே என்று சிரிப்பும் அழுகையுமாக வந்தது. டப்பாவைக் கட்டுவது ஒரு நொடி வேலை. நான் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

சில மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால், நான் அளந்த வீடுகளிலேயே அந்த அறையில்தான் வாயு அதிகம். மண்ணிலிருந்தும் கல்லிலிருந்தும் கசிவது அது. வெளியேற வழியில்லை என்றால் உள்ளேயே தங்கிவிடும். வருஷக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலுக்கு ஆகாது. அண்ணனோ ஆசை ஆசையாய்க் கருங்கல் தரை போட்டவர். அண்ணி தினமும் படுப்பது அங்கேதான். போதாததற்கு, அவர்கள் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்து தங்கப்போவதும் அதே அறையில்.

"ஜன்னலத் தொறந்து வைங்க அண்ணி, அது போதும்" என்றேன். அவருக்கு வந்ததே கோபம்!

"உங்கண்ணன் பாத்துப் பாத்துப் போட்ட கல்லுங்க தம்பி, அதுவா எங்களக் கொல்லப் போவுது? தொறந்தா அவரு வாசமும் போயிருமுங்க. அப்பறம் இந்த வூட்ல எனக்குன்னு என்ன இருக்குது, சொல்லுங்க?"

திறக்காமலே இருக்கட்டும் என்று எனக்குள்ளும் ஒரு பாழாய்ப்போன ஆசை. அடக்கிக்கொண்டு, "பொறக்கப்போற கொழந்தையும் இதுலதான படுக்கணும்" என்று மட்டும் சொன்னேன். அண்ணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து ஜன்னல் பக்கம் போனார். கொண்டி இறுகிக் கிடந்தது. அவர் கைக்கு அசையவில்லை. நான்தான் தட்டித் திறந்துவிட வேண்டியிருந்தது. படபடவென்று உள்ளே புகுந்த காற்றுக்கு யார் அறை என்றெல்லாம் தெரியுமா என்ன?

அடுத்து வைத்த டப்பாவில் அளவு நன்றாகக் குறைந்துவிட்டது. ஆய்வகத்தில் எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். அங்கே தவழ்ந்த பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், கொழுக்மொழுக்கென்று நன்றாக இருக்கிறாள்.

போன மாதம் போயிருந்தபோது யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அறைக்குள் நுழைந்தேன். சுவரோரம் நின்று கண்ணை மூடி, மூச்சை ஆழமாக இழுத்தேன். வேப்பம்பூ வாசம்தான் வந்தது. திரும்பினால், நிலைப்படியில் அண்ணி.

"நானும் தெனம் தேடிப் பாக்கறேங்க தம்பி" என்றார். "கெடைக்கலீங்க."