மத்தியானம் சீக்கிரம் மறையும் பெருக்கல் குறி

ஆய்வுக்கூட வேலை என்றதும் வெள்ளைக் கோட்டு ஞாபகம் வருகிறவர்கள் அங்கே குப்பி கழுவாதவர்கள்; என்னைப் போலக் கழுவிய பாவிகளே, நமக்கு ஞாபகம் வருவது தீக்குச்சி கருகின நாற்றம்தான்.

போன வருஷம் பள்ளி இறுதி எம்.சி.இ. பரீட்சையில் கெமிஸ்ட்ரியைக் கோட்டை விட்டேன். ஈப்போ டவுனில் ஒரு கடைக்கு மேல்மாடியில் இருந்த டியூஷன் நிலையத்தில் சேர்ந்தேன். படிக்க இல்லை, கழுவ. வேலையில் இருந்தால் ஓய்ந்த நேரத்தில் நானும் சோதனை செய்து பழகலாம், பரீட்சையை மறுபடி எழுதலாம். அதனால் அந்த வேலை எனக்கு வேண்டியிருந்தது.

யார் கண்ணுக்கு?

வினையின் வேகத்தை அளக்க வெள்ளைத்தாளில் ஒரு பெருக்கல் குறி போட்டு, அதன்மேல் குப்பியை வைப்போம். தயோசல்பேட் கரைசலில் ஆசிட்டை ஊற்றினால் கந்தகம் பிரிந்து கலங்கிக்கொண்டே வரும். குறி கண்ணுக்கு மறைந்ததும் கடிகாரத்தை நிறுத்த வேண்டும். யார் கண்ணுக்கு என்று புத்தகம் சொல்லவில்லை.

ஒருமுறை, ஜெலாப்பாங்கிலிருந்து படிக்க வரும் மணியம் குறி மறைந்துவிட்டது என்றான். கூட நின்ற லீலா இன்னும் தெரிகிறது என்றாள். பஞ்சாயத்து என்னிடம் வந்தது. மணியம் ஸ்டைலுக்காக மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறவன். லீலா சொன்னாள்: "அவனுக்கு ஆசிட் ஊத்துறதுக்கு முன்னாடியே குறி தெரியலக்கா."

தே தாரிக் ஆறுவதற்குள்

காலை வகுப்பு ஒன்று, மத்தியான வகுப்பு ஒன்று. காலை ஆட்கள் அளந்த நேரத்தை, கீழே மாமாக் டீக்கடையில் வாங்கிய தே தாரிக் ஆறுவதற்குள் மத்தியான ஆட்கள் பார்த்து எழுதிக்கொள்வார்கள். மேலே வந்து குப்பியைக் கையில் பிடித்தபடி நிற்பார்கள், அவ்வளவுதான்.

கழுவுகிறவளுக்குத் தெரியாதா? பாதிக் குப்பி காய்ந்தே திரும்பி வரும். மணியத்திடம் நேராகவே கேட்டேன். அவன் வெட்கப்படவில்லை. "கழுவுற வேலை மிச்சம்லா, சந்தோசப்படுங்கக்கா."

பஸ் லேட்டானவன்

ஒருநாள் சுங்கை சிப்புட் பஸ் தாமதம். அதில் வரும் மத்தியான வகுப்புத் தேவனுக்குத் தேநீரும் கிடைக்கவில்லை, விடையும் கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் நிஜமாகவே அளந்தான். அவன் நேரமெல்லாம் மற்றவர்களுடையதைவிடக் குறைவு. நிலையத்தை நடத்தும் துரைசாமி சார் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். கரைசல் கலந்து வைப்பதும் நான்தான். அதை ஒழுங்காகக் கலக்கத் தெரியாதவளுக்கு நாளையிலிருந்து இங்கே வேலை இல்லை என்றார்.

காலை வகுப்புக்குக் கொடுத்ததும் இதே போத்தல்தான், நீங்களே ஊற்றுங்கள் சார், கடிகாரத்தையும் நீங்களே பிடியுங்கள் என்றேன். மத்தியானத்தில் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே அறை அடுப்பு மாதிரி இருக்கும். சூடு ஏறினால் வினை வேகமாகும் என்று முந்தின வாரம் பலகையில் எழுதிப் போட்டவரே அவர்தான். ஊற்றினார். தேவன் எழுதிய நேரத்துக்கே குறி மறைந்தது.

சார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மன்னிப்பெல்லாம் இல்லை. எல்லாரோடும் ஒத்துப்போக, காலை நேரத்தையே எழுதிவிடு என்று தேவனிடம் சொன்னார். தேவன் என்னைப் பார்த்தான். மாற்றாதே என்றேன், சாருக்குக் கேட்கிற மாதிரியே. அவர் கடிகாரத்தை என் கையில் திணித்தார்: "ஆசிட்டு போத்தல்ல இல்ல, உன் வாயிலதான் இருக்கு, போ, போயி குப்பியக் கழுவு."

வேலை தப்பியது என் நேர்மையால் இல்லை, அந்த நாற்றத்தில் குப்பி கழுவ வேறு ஆள் கிடைக்காததால்தான்.